டிட்டிகாக்கா கரையில் நின்றவர்

தென் அமெரிக்காவைப் பேராசிரியர் கரைத்துக் குடித்திருந்தார். ஆண்டிஸ் மலைத்தொடர், அமேசான் காடு, இன்கா மக்கள் சரிவில் கட்டிய அடுக்கு வயல்கள், கணக்கு வைக்க அவர்கள் போட்ட கயிற்று முடிச்சுகள், எல்லாம் அத்துப்படி. கால்தான் அங்கே பட்டதில்லை. அது மனைவிக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் வகுப்பில், டிட்டிகாக்கா ஏரிக்கரையில் தாம் நின்றதாக வாய்தவறிச் சொல்லிவிட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சுகம் அவரை விடவில்லை. அடுத்த ஆண்டு வகுப்பில் நாணல் படகில் ஏறினார். அதற்கடுத்த ஆண்டு படகு கவிழ்ந்தது, நீந்திக் கரையேறினார். குளியலறை ஈரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதர்.

மனைவிக்கு அந்த ஏரியைப் பார்க்க உண்மையாகவே ஆசை. கேட்டபோதெல்லாம், படத்தில் பார், அதற்கு எதற்கு அலைச்சல் என்பார்.

அன்று மாலை கல்லூரி முதல்வர் வீடு தேடி வந்தார். மாணவர்களைத் தென் அமெரிக்கா அனுப்ப ஓர் அறக்கட்டளை முன்வந்திருக்கிறதாம். வழிகாட்டப் பேராசிரியரை விட்டால் வேறு யார்? மனைவியையும் அழைத்து வரலாமாம். பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. நெஞ்சைத் தடவினார். உயரமான இடம் ஆகாதென்று டாக்டர் சொல்லியிருப்பதாக முனகினார்.

காபி எடுக்கப் போன மனைவியின் பின்னாலேயே சமையலறைக்கு ஓடி வந்தார்.

"எனக்கு நெஞ்சு வலின்னு நீயும் சொல்லிடு. என் மானமே போயிடும்."

"படகு கவிழ்ந்தப்போ வராத வலியா?"

"நாலு பேர் முன்னாடி நான் எப்படி வழி காட்டுவேன்?"

"இத்தனை வருஷமா காட்டினீங்களே, அப்படித்தான்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு பணிவாக நின்றதில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

முதல்வர் கவலையோடு விசாரித்தார். டாக்டர் என்னதான் சொன்னார்?

"எந்த டாக்டரும் ஒண்ணும் சொல்லலைங்க. அவருக்குக் கூச்சம். பெருமையடிக்கத் தெரியாத மனுஷன்."

முதல்வர் நெகிழ்ந்துபோனார். இருவர் பாஸ்போர்ட்டும் நாளைக்கே வேண்டும் என்றார்.

பேராசிரியர் கதவோரம் நின்றிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவரோட பழசு எங்கேயோ தொலைஞ்சுபோச்சு. ரெண்டு பேருக்கும் புதுசாத்தான் எடுக்கணும்."