தறி ஓடும்போது சொன்னது

கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினால் மாமியார் முத்துமாரியம்மாளுக்குப் பிடிக்காது. "வீட்டுக்குள்ள என்னட்டி ரகசியம்?" என்பாள். அதனால் டாக்டரிடம் முதல்முறை வீடியோவில் பேசியபோது, பிரேமலதா மாமியாரின் கண்முன்னாலேயே உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல டாக்டர், தூக்கந்தான் வர மாட்டேங்கு," என்று முடித்துக்கொண்டாள். மதுரையில் ஏதோ ஓர் அறையில் இருந்த ஏஞ்சல் டாக்டர் விவரமானவர். "அடுத்த வாரம் யாருக்கும் கேட்காத எடமாப் பாத்து உக்காந்துக்கோங்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

யாருக்கும் கேட்காத இடத்துக்கு அவள் எங்கே போவாள்? சங்கரன்கோவிலில் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து 'நூறாயுசு' என்பார்கள். மொட்டைமாடிக்குப் போனால் பக்கத்து மாடியில் நூல் காயும். நூலுக்குக் காவலாக ஓர் ஆளும் இருக்கும். கோயிலுக்கென்றால் மாமியார் கூடவே வருவாள். வந்து, புற்றுமண்ணைக் குழைத்து மருமகளின் நெற்றியில் பூசி, "எந்தக் காத்துக்கருப்போ, எல்லாம் எறங்கிப்போவும்," என்பாள். கெட்டவள் இல்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து இவள் முகத்தில் சிரிப்பில்லை என்று முதலில் கண்டுபிடித்தவளே அவள்தான். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா போனில் டாக்டரைப் பிடித்துக் கொடுத்தபோதும் அவள் மறுக்கவில்லை, சத்து மாத்திரை எழுதித் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரேமலதாவுக்கு இருந்த பயமே வேறு. நாலு வீடு தள்ளி ஒருத்தியை, புத்தி பேதலித்துவிட்டதென்று பனவடலிசத்திரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளையை மட்டும் இங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது சித்தியை அம்மா என்று கூப்பிடுகிறது.

கடைசியில் அவளுக்குத் தோன்றிய இடம் தறிக்கூடம். வீட்டுக்குப் பின்னால் நாலு விசைத்தறி. நாலும் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அவள் புருஷன் வேல்ராஜும் கூலிக்கு வரும் சங்கரசுப்பு அண்ணாச்சியும் உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். மூலையில் தார் சுற்றும் மெஷின் கிடந்தது. தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குச்சிகளில் தாராகச் சுற்றிக் கொடுப்பது பிரசவத்துக்கு முன்பு அவள் வேலை. அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் அவள் உதட்டையும் யாரும் படிக்க முடியாது. தறிக்காரர் வீட்டில் வாக்கப்பட்டவளுக்குத் தனிமை வேண்டுமென்றால் இந்த இரைச்சலை விட்டால் வேறு கதியில்லை.

நூல் கூடையில் போனைச் சாய்த்துவைத்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள்.

"என்னம்மா, அங்க மழையா?" என்றார் டாக்டர்.

"தறி ஓடுது டாக்டர். இங்கனதான் யாருக்கும் கேக்காது."

 டாக்டர் தலையாட்டிவிட்டு, பிள்ளையோடு இருக்கும்போது மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிரேமலதா மெல்லத் தொடங்கினாள். டாக்டர் காதைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார். "கேட்கலம்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

இத்தனை நாளாக மூச்சுவிடாமல் வைத்திருந்ததை இனிக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கத்தக் கத்த நெஞ்சில் ஏதோ இளகியது, அழுகையும் வந்தது. அந்தச் சமயம் பார்த்து முத்துமாரியம்மாள் பசிக்கு அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தது அவளுக்குத் தெரியாது.

"அவன் எனக்கு உசுரு டாக்டர். அவனுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு கெடந்து நடுங்குதேன். ஆனா குளிப்பாட்டுதப்ப..."

கரண்ட் போனது. நாலு தறியும் ஒரே மூச்சில் நின்றன. ஆனால் தொண்டைக்குள் புறப்பட்டுவிட்ட வார்த்தை நிற்கவில்லை.

"...தண்ணிக்குள்ள பிள்ளைய அப்படியே விட்டுருவோமான்னு தோணுது!"

உசுரு என்றதையும் நடுங்குதேன் என்றதையும் தறி விழுங்கிவிட்டிருந்தது. இது மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது.

பிரேமலதா திரும்பினாள். சங்கரசுப்பு அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேல்ராஜ் அறுந்த இழையை முடிச்சுப் போட எடுத்தவன் அப்படியே விரலில் பிடித்திருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை, தன் அம்மாவைத்தான் பார்த்தான்.

"தாங்க அத்தை, பாலு குடுக்கேன்," என்று பிரேமலதா இரண்டு கையையும் நீட்டினாள். முத்துமாரியம்மாள் தரவில்லை. பிள்ளையின் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டு அவள் ஓரடி பின்னால் வைத்தாள்.

"பிரேமலதா, லைன்ல இருக்கீங்களா?" இயர்போனில் டாக்டரின் குரல் பதறியது. "இந்த நெனப்பு நெறையத் தாய்மாருக்கு வரும்மா, சரி பண்ணிரலாம். இப்ப உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அது அவளுக்கு மட்டுமே கேட்டது. பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைய, நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.