கண், காது, மூக்கு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் ஒரு கதை வந்து உட்கார்ந்திருந்தது. ஆள் உயரம், சாம்பல் நிறம். முகத்தில் வாய் மட்டும்தான் இருந்தது. கை கழுவிக்கொண்டு வந்த பரிசோதகருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரு வரிகூட எழுதாமலே விசிட்டிங் கார்டில் 'எழுத்தாளர்' என்று அச்சடித்து வைத்துவிட்டுப் பதினெட்டு வருடமாக இதற்காகத்தான் காத்திருந்தார். இதற்கு முன்பும் இரண்டு கதைகள் அதே நாற்காலிக்கு வந்ததுண்டு. பேய்க்கதையா, குடும்பக் கதையா என்று அவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்ததில் முதல் கதை நான்கே நாளில் கரைந்து போயிற்று. இரண்டாவது மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. இதுவும் போனால் இன்னொன்று வராது என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. பயமாக இருந்தது.

"சொல்லுங்க, என்ன தொந்தரவு?" என்று வழக்கம்போல் கேட்டார்.

"ஒருத்தர் குடை வாங்கப் போனாரு. திரும்பி வரல," என்றது கதை. "அவ்வளவுதான்."

சோதனை ஃபிரேமை மாட்டப் பார்த்தார். தாங்க மூக்கும் இல்லை, கொக்கி போடக் காதும் இல்லை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். எந்த வில்லை எந்த வகைக் கதைக்கு என்பதை முதல் கதை வந்தபோதே குறித்து வைத்திருந்தார். பேய் வில்லையைச் செருகியதும் விளக்கு மங்கியது. துப்பறியும் வில்லைக்குக் கதை மேஜை முழுக்கக் கைரேகை தேடித் தடவியது. சரித்திர வில்லைக்கு நாற்காலியே ஒருமுறை கனைத்தது.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

வில்லை மாற மாறக் கதை இளைத்துக்கொண்டே போனது. வியாழக்கிழமை பள்ளிப் பிள்ளை அளவுக்கு வந்தது. சனிக்கிழமை ஒரு தலையணை அளவுதான் மிச்சம். ரப்பர் பேண்டு தொளதொளவென்று தொங்கியது. பரிசோதகர் வில்லைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு அழுதார்.

சத்தம் கேட்டு, கடை முன்பக்கத்தில் ஃபிரேம் எடுத்துக் காட்டும் அவருடைய அக்கா எட்டிப் பார்த்தார். நடக்காத சண்டையிலும் யார் முதலில் கை நீட்டியது என்று சொல்லக்கூடியவர் என அந்தத் தெருவில் அவருக்குப் பெயர்.

"யாருடா இது?"

"கதை, அக்கா. ஒருத்தர் குடை வாங்கப் போனாரு, திரும்பி வரல."

"எந்த ஒருத்தர்? நம்ம மாடி டைப்பிஸ்டா?" அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடை வாங்கவா போனாரு? கதவுக்குப் பின்னால நல்ல குடை ரெண்டு தொங்குதே. சென்ட் போட்டுக்கிட்டுல்ல போனாரு."

கதைக்கு மூக்கு முளைத்தது.

"படியில செருப்புச் சத்தமே கேக்கல. கையில எடுத்துக்கிட்டு எறங்கியிருக்காரு."

காதுகள் இரண்டும் வெளியே வந்தன. தலையணை எழுந்து உட்கார்ந்து ஆளாயிற்று.

"பொண்டாட்டி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தா. ஆனா கூப்பிடல. ஏன் கூப்பிடல? அதைக் கேளு."

கதை கண்ணைத் திறந்தது. ரப்பர் பேண்டு அறுந்து விழுந்தது, ஃபிரேம் அப்படியே நின்றது. வில்லையே போடாத வெறும் ஃபிரேம். "இப்பத் தெளிவா இருக்கு," என்று அது பரிசோதகரைப் பார்த்துச் சொன்னது. அக்கா எழுந்து, "எனக்கென்ன, உள்ளதைச் சொன்னேன்," என்றபடி முன்பக்கம் போய்விட்டார். மாடியில் டைப்பிஸ்ட் யாரும் இல்லை. அங்கே இருப்பது ஒரு தண்ணீர்த் தொட்டி.

பரிசோதகர் ஒரே மூச்சில் பதினோரு பக்கம் எழுதினார். பத்திரிகைக்கு அனுப்பும் படிவத்தில் 'கதையின் வகை' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு 'வம்பு' என்று எழுதினார். ஆசிரியர் எதுவும் கேட்காமல் அச்சிட்டார், அடுத்த மாதம் அதற்கென்று தனிப் பகுதியே ஆரம்பித்தார்.

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை காலையில் கடை பெஞ்சில் முகமில்லாத கதைகள் நான்கைந்து டோக்கனோடு உட்கார்ந்திருக்கின்றன. பெயர்ப்பலகையில், 'கண் பரிசோதனை செய்யப்படும்' என்பதற்குக் கீழே, 'கண், காது, மூக்கு வைத்துத் தரப்படும்' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் ஒன்றுதான் கேட்கிறார்கள், அன்றைக்கே கிடைக்குமா என்று.