ஃப்ரிட்ஜ் இருக்கும் காவல் கோபுரம்

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெருவில் பெயர் கிடையாது. பதினெட்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறார், கடை வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகையும் வைத்திருக்கிறார். ஆனாலும் அவர் 'சரித்திர டீச்சர் வீட்டுக்காரர்'தான். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. வருத்தப்பட நேரம் கிடைத்தால்தானே.

கோடை விடுமுறை நெருங்கினால் அந்த வீட்டுச் சாமான்கள் இடம்பெயர ஆரம்பிக்கும். கல்விச் சுற்றுலாவில் பிள்ளைகளுக்குக் காட்டப்போகும் பழைய கோட்டையை டீச்சர் முதலில் கூடத்தில் கட்டிப் பார்ப்பார். கட்டில், மதில். தையல் மெஷின், பீரங்கி. கால்மிதி அகழி, மிதித்தால் முதலை கவ்வும். ஃப்ரிட்ஜ் காவல் கோபுரம். மாணவராக நிற்க ஆள் வேண்டுமே? கட்டிக்கொண்டவர்தான். முதுகில் பையோடு நின்று கேள்வி கேட்க வேண்டும், கொட்டாவி விடக்கூடாது. இதைக் கேட்பதற்காகவே டிவி சத்தத்தைக் குறைக்கும் வீடுகள் அக்கம்பக்கத்தில் உண்டு. எந்த வீடு என்று இங்கே எதற்கு.

இந்த வருஷம் ஒத்திகை மும்முரம். போன வருஷம் டீச்சர் வரிவிதிப்பை விளக்கும்போது மூன்று பிள்ளைகள் பீரங்கிமேல் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். திரும்பி வந்து எழுதும் கட்டுரைகள் இம்முறையும் சப்பென்று இருந்தால், சுற்றுலாவை வெளி நிறுவனத்திடம் விட்டுவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அந்த ஒரு நாளுக்காகவே வருஷம் முழுக்கப் பாடம் நடத்துகிறவர் டீச்சர்.

பத்து நாள் விடாமல் கத்தினால் தொண்டை என்ன இரும்பா? கிளம்பும் அன்று காலை டீச்சர் வாயைத் திறந்தார்; காற்றுதான் வந்தது. வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார். பை தூக்கத்தான் ஏறுகிறோம் என்று நினைத்தார், பாவம்.

கோட்டை வாசலில் முப்பத்து நான்கு பிள்ளைகளும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் அவரைப் பார்த்தார்.

அவர் ஆரம்பித்தார். ஆண்டுகள் தப்பவில்லை, படையெடுப்புகளும் வரிசையாகவே வந்தன. ஆனால் இத்தனை வருஷமாகக் கோட்டையைக் கூடத்திலேயே பார்த்தவர், நிஜக் கோட்டைக்குள் கால் வைப்பது அன்றுதான்.

"இது நம்ம தையல் மெஷின்," என்று பீரங்கியைத் தட்டினார். வாயிலிருந்து விழுந்ததை எடுக்க முடியுமா?

"அப்போ ஃப்ரிட்ஜ் எங்க சார்?" என்றாள் முன்னால் நின்ற ரெட்டைச்சடை.

"அது காவல் கோபுரம்மா. நேராப் போய் இடது கைப்பக்கம்."

போன வருஷம் தூங்கியவர்களில் ஒருவன், கதவைத் திறந்தால் வெளிச்சம் வருமா என்று கேட்டான். வரும் என்றார் அவர், சிரிக்காமல். உள்ளே தீப்பந்தம் எரியும், கதவைத் திறந்தால் கீழே ஊருக்கே தெரியும். பிள்ளைகள் அவரை மொய்த்துக்கொண்டார்கள்.

இடது பக்கம் போனால் கோபுரம் இல்லை. இடிந்த மதில், அதன்கீழே பாசி படர்ந்த அகழி, அகழியோரத்து மரம் நிறைய நாரைக்கூடுகள். வரிசையின் கடைசியில் கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்த டீச்சர், ஒருவழியாக முன்னால் வந்து அவர் காதில் ஊதினார்:

"கோபுரம் வலது பக்கம்ங்க. நம்ம வீட்டுலதான் அந்தப் பக்கம் பிளக் பாயின்ட் இல்ல."

மறைக்கத் தெரியாத மனுஷர், அதையும் அப்படியே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். சிரித்து முடித்ததும் ஒருத்தி, நாரைகள் ஏன் இங்கே வந்தன என்றாள். எதிரி வரக்கூடாது என்று வெட்டிய அகழி, இப்போது யாருமே வருவதில்லை, குஞ்சு பொரிக்க இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்றார் அவர். கூட வந்திருந்த, வருஷாவருஷம் சுற்றுலாவின் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் டீச்சரிடம் பிச்சையாகப் பெறும் அறிவியல் சார், பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தாய் நாரை குஞ்சுக்கு மீன் ஊட்டியதைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். டீச்சர் மட்டும், போயிற்று எல்லாம் என்று பீரங்கிமேல் சாய்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் முப்பத்து நான்கு கட்டுரைகள். ஒன்றுகூட நாலு பக்கத்துக்குக் குறையவில்லை. எல்லாவற்றிலும் ஃப்ரிட்ஜ் இருந்தது. பாதிக் கட்டுரைகளில் அதன் படமும் இருந்தது, உச்சியில் நாரையோடு.

"அடுத்த வருஷமும் நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் ஏறாம பஸ் கிளம்பக்கூடாது."

திரும்பி வந்த குரலோடு டீச்சர் வீட்டுக்கு வந்து முதலில் பேசியது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வலது பக்கம் பிளக் பாயின்ட் வைப்பதைப் பற்றி. வீட்டுக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "இடதுலயே இருக்கட்டும். நாரை பாக்க வேணாமா?" என்றார்.

டீச்சர் மறுத்துப் பேசவில்லை. பதினெட்டு வருஷத்தில் அது முதல்முறை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் சாட்சி.

இப்போது தெருவில் பிள்ளைகள் அவரை 'ஃப்ரிட்ஜ் சார்' என்கிறார்கள். ஒருவழியாகச் சொந்தமாக ஒரு பெயர். கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கிறார்.