மஞ்சள் பட்டைக்காரர்கள்

தீயணைப்புத் தொண்டர் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பதவியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. தோளில் ஒரு மஞ்சள் துணிப் பட்டை, அவ்வளவுதான். பயிற்சி முடியும்வரை அந்தப் பட்டைக்காரர்களை எரியும் கட்டடத்துக்குள் அனுப்பக்கூடாது என்பது விதி. பழைய ஆட்கள் அவர்களை 'மாம்பழம்' என்று கேலி செய்வார்கள். அவர்களில் ஒருத்தியான பஸ் கண்டக்டரம்மா அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. "நாங்களாவது பழுத்துட்டோம், நீங்க இன்னும் காயாவே கிடக்கீங்களே" என்பாள்.

பஞ்சுக் கிடங்கு பற்றி எரிந்த மதியம் ஆள் போதவில்லை. படைத் தலைவர் மரச்சாமான் கடைக்காரர். தோளில் இரண்டு நட்சத்திரம். வாசலில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த மஞ்சள் பட்டைக்காரர்களிடம் ஓடி வந்தார்.

"அதைக் கழட்டிப் பையில போட்டுட்டு உள்ள போங்க. யார் பார்க்கப் போறா?"

கண்டக்டரம்மா நகரவில்லை. "வேணாம் தம்பி" என்று பக்கத்தில் நின்ற மெக்கானிக்கின் கையைப் பிடித்தாள். "தலைவரே சொல்றாருக்கா" என்று அவன் பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புகைக்குள் ஓடினான். கூரைச் சட்டம் சரிந்து அவன் தோளில் விழுந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேலதிகாரி வந்து விசாரித்தார். மெக்கானிக்கின் மனைவி அழுது வீங்கிய முகத்தோடு சுவரோரம் நின்றாள். அவள் காதுபடவே தலைவர் சொன்னார்: "பட்டையை அவனாவே கழட்டிட்டுப் போயிட்டான் சார். சொல்பேச்சு கேக்காதவன். படை எப்படிப் பொறுப்பேற்கும்?"

மற்ற பட்டைக்காரர்களோடு நின்ற கண்டக்டரம்மா முன்னால் வந்தாள்.

"கழட்டச் சொன்னதே நீங்கதானே!"

"நேத்து வந்தவ நீ. பதவியில்லாதவங்களுக்கு இங்க பேச்சு கிடையாது."

"ஓஹோ! நெருப்புல குதிக்க மட்டும் நாங்க பழைய ஆளு, வாயைத் திறந்தா புது ஆளா? ஒருத்தன் எலும்பை நொறுக்கிட்டு, பழியையும் அவன் தலையிலயே கட்டுறீங்களே, அவன் பொண்டாட்டி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

மற்ற மஞ்சள் பட்டைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களில் ஒருவரான முடிவெட்டுகிறவர் தொண்டையைச் செருமினார். "எங்கிட்டயும் கழட்டத்தான் சொன்னாரு சார்." பிறகு இன்னொருவர். அப்புறம் எல்லோரும்.

வைத்தியச் செலவைப் படையே ஏற்றது. தலைவரை என்ன செய்தார்கள்? பக்கத்து ஊர்ப் படைக்கு மாற்றினார்கள், அதே இரண்டு நட்சத்திரத்தோடு!

மெக்கானிக் வீடு திரும்பியும் கை தலைக்கு மேல் எழும்பவில்லை. ஒருநாள் அவனைப் பார்க்கக் கண்டக்டரம்மா போயிருந்தபோது, தலைவர் தன் கார் டிரைவரிடம் ஒரு பழக்கூடை கொடுத்தனுப்பியிருந்தார். மெக்கானிக்கின் மனைவி அதைத் தொடவில்லை.

"அவரே வந்து, 'நான்தான் நெருப்புக்குள்ள அனுப்பினேன்'னு இவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் பழம் தின்னலாம்."

டிரைவர் தலையைச் சொறிந்தான். கண்டக்டரம்மா கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் கார் சீட்டில் வைத்து, கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"ரைட், போலாம்!"