நான்கு டிரம்பெட்டுகளுக்கு

தமீம் மின்விசிறியை நிறுத்திவிட்டு இசைத்தாள்களைத் தரையில் பரப்பினார். தண்டையார்ப்பேட்டைச் சந்தில் முன்னறை பேண்டு கடையாகவும் பின்னறை குடும்பமாகவும் இருந்த அந்த வீட்டில் காற்று வேண்டுமென்றால் தாள் பறக்கும். தாள் நிலைக்க வேண்டுமென்றால் உடம்பு வியர்க்க வேண்டும். இராயபுரத்து மாதா திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. தேர் புறப்படும்போது ஒன்று, தெருக்களில் நான்கு, கோயில் பாடற்குழுவோடு சேர்ந்து ஒன்று என எல்லாவற்றையும் தேர்ந்து ஒதுக்கியாகிவிட்டது. ஒரே ஒரு தாள் மட்டும் அவர் முழங்காலருகே தனியாகக் கிடந்தது. கடற்கரையில் வாசிக்க வேண்டிய தாள் அது.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு இணையில்லை என்று வடசென்னைப் பேண்டுக்காரர்கள் சொல்வார்கள். மூச்சிரைப்புள்ள இசக்கிப்பாண்டி பெரிய குழல் வாசிக்கிறார் என்றால், மூச்சு வாங்க இடமுள்ள மெட்டாகத் தேடி எடுப்பார். மாதவரத்தில் கல்யாண ஊர்வலம் என்றால், லாரி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கிளாரினெட் முன்னே நிற்கும் உருப்படிதான். பாடற்குழுப் பெண்களின் தொண்டை எட்டவில்லை என்றால் இரவோடு இரவாகச் சுருதியைத் தாழ்த்தி அத்தனை பேருக்கும் மறுபடி எழுதித் தருவார். தாளைப் பார்த்து ஆளைக் கழிக்கிறவன் மாஸ்டர் அல்ல, ஆளைப் பார்த்துத் தாளைத் தேடுகிறவனே மாஸ்டர் என்று அவர் பேசாத சங்கக் கூட்டம் கிடையாது. பந்தியில் பேண்டுக்காரனுக்குத் தனியாக ஒரு மூலையில் இலை போட்ட மண்டபத்திலிருந்து, மாப்பிள்ளை அழைப்பின் நடுவிலேயே ஆட்களை அழைத்துக்கொண்டு வெளியேறிய மனிதர் அவர். மேடையில் ஏறினால் அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படாது.

அப்படிப்பட்டவர் இன்று ஒரு தாளின் முன்னே குற்றவாளியைப் போலக் குந்தியிருந்தார்.

தேர் காசிமேட்டுக் கரையைத் தொட்டதும் நிற்கும். வெடிகள் ஓயும். அப்போது ஒரே ஒரு டிரம்பெட் கடலைப் பார்த்து நான்கு வரி வாசிக்கும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக என்று யாரும் அறிவிப்பதில்லை; எல்லாருக்கும் தெரியும். மாதாவைக் கும்பிடுகிறவர்களும் கங்கையம்மனைக் கும்பிடுகிறவர்களும் ஒன்றாக அங்கே மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். பதினொரு ஆண்டுகளாக அதை வாசிப்பவர் எத்திராஜ். அவருடைய தம்பி ஒரு புயல் மாதத்தில் படகோடு போனவன். உடல் கரை சேரவில்லை. கொள்ளி வைக்க ஒன்றுமில்லாத அந்தச் சாவுக்கு, அவன் மனைவி புஷ்பவல்லிக்குக் கிடைத்த சடங்கெல்லாம் அந்த நான்கு வரிதான். அதிலும் மூன்றாம் வரி. மெட்டு படிப்படியாக மேலேறி ஓர் உச்சத்தில் போய் நிற்கும். நின்று, நீண்டு, மெல்ல இறங்கும். அந்த உச்ச சுரத்துக்கு டிரம்பெட்டில் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. மூன்று விரல்களும் எழும்பியிருக்கும். உதடும், உதட்டுக்குப் பின்னே பல்லும், மூச்சும் மட்டுமே அதைத் தாங்க வேண்டும்.

எத்திராஜின் முன்பற்கள் இரண்டும் பங்குனியில் போயின. திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பள்ளத்தில் வண்டி கவிழ்ந்தது. கட்டிய பல்லோடு வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வந்தார். மேல் சுரத்தைத் தொட்டபோது டிரம்பெட் கிறீச்சிட்டுப் பிளந்தது. மணமேடையருகே இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ கைப்பேசியில் பிடித்து அதைச் சுற்றுக்கும் விட்டார்கள். அந்தச் சிரிப்பு தமீமின் காதுக்குள்ளேயே குடியேறிவிட்டது. திருவிழாக் குழுவின் இக்னேஷியஸ் வேறு நேற்று வந்து, "பாய், கரையில மட்டும் பேஜாராயிடக் கூடாது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தமீம் பேனாவை எடுத்தார். ஒருவருக்கான மெட்டை நான்கு டிரம்பெட்டுகளுக்குப் பிரித்து எழுதத் தொடங்கினார். உச்சம் பேண்டின் இளைய டிரம்பெட்காரன் ஜெரிக்கு. எத்திராஜுக்கு மூன்றாவது டிரம்பெட். நடுவிலேயே நடந்து நடுவிலேயே முடியும் பகுதி.

தேநீரோடு வந்த அஜீசுன்னிசா குனிந்து பார்த்தாள். முப்பது ஆண்டு தாம்பத்தியத்தில் அவளுக்குத் தாள் படிக்கத் தெரிந்திருந்தது.

"இன்னாங்க இது, நாலு பேருக்கு எழுதிகினு கீறீங்க? அது எத்திராஜண்ணன் பாட்டாச்சே."

"எல்லாரும் சேந்து வாசிச்சா கம்பீரமா இருக்கும்."

"இத்தினி வருசமா கம்பீரம் இல்லாமயா கெடந்துச்சு?"

"ஒருத்தன் பேரு வாங்குறதுக்கா இசை? கூட்டத்துக்குத்தான் மதிப்பு."

அவள் டம்ளரைத் தாள்மேல் படாமல் தள்ளி வைத்தாள். "பயத்துக்கு ஜரிகை வச்சி யூனிஃபாரம் தெச்சிட்டீங்க. நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒத்திகையன்று தாள்களைக் கொடுத்தபோது எத்திராஜ் தம் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம் திருப்பினார்.

"இன்னா பாய், தாள் மாறிப்பூட்ச்சா? இது மூணாவது ஆளோடது."

"மாறல மாமு. இந்த வாட்டி எல்லாரும் சேந்து. கடல்ல போனவன் ஒருத்தனா? எத்தினி பேரு! அவங்களுக்கு ஊதுறதும் ஒருத்தனா இருக்கக் கூடாது, கூட்டமா ஊதணும். அதான் ஞாயம்."

சொல்லும்போதே தமீமுக்கு அந்த வாக்கியங்களின் அழகு தெரிந்தது. கைதட்டலுக்கு நிறுத்தும் இடத்தில் அவர் குரல் தானாக நின்றது. யாரும் தட்டவில்லை.

"மேடையில பேசுறத என்னாண்ட பேசாத. பல்லு கட்டிகினு, மூணு மாசமா படகுக்குள்ள குந்திகினு ஊதிகினு கீறேன். வூட்ல ஊதுனா பக்கத்து வூட்டுக்காரன் கத்துறான். ஒரு தபா கேளு பாய். கேட்டுட்டு, ஆவாதுன்னா சொல்லு, போயிடறேன்."

கேட்டிருக்கலாம். நான்கு வரிதான். ஒரு பீடி கரைகிற நேரம்கூட ஆகாது. ஆனால் உடைந்துவிட்டால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? உடையாமல் வந்துவிட்டாலோ, கரையில் உடையாது என்று யார் உறுதி சொல்வது? தமீமின் நெஞ்சு இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டது.

"வோணாம் மாமு. வாயி நோவும்."

"என் வாயி நோவுறது எனுக்குத் தெரியாதா?" எத்திராஜ் சிரித்தார். புதுப்பற்கள் மற்ற பற்களைவிட வெளுப்பாக இருந்தன. "சரி வுடு. நீ மாஸ்டரு. தாள்ல இன்னா கீதோ அதான்." தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் தமீம் வென்றிருப்பார். சண்டைக்கு அவர் பழகியவர். இந்தப் பணிவுக்கு அல்ல.

திருவிழாவன்று மாலை தேர் சந்துகளைக் கடந்து கரைக்கு வந்தது. மீன்வாடையும் சாம்பிராணியும் கலந்த காற்று. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. வெடிகள் ஓய்ந்தன. நான்கு டிரம்பெட்டுகள் கடலைப் பார்த்து உயர்ந்தன. தமீம் கையசைத்தார்.

ஒலி பெரிதாக எழுந்தது. முழுமையாக, வட்டமாக, குறையே இல்லாமல் எழுந்தது. மூன்றாம் வரியில் ஜெரி சிரமமில்லாமல் உச்சிக்குப் போய் நின்று இறங்கினான். எத்திராஜ் தம் பகுதியை எழுதியபடியே வாசித்தார். ஒரு பிசகும் இல்லை, அவர் வாசித்தது ஒருவர் காதிலும் தனியாக விழவும் இல்லை. இக்னேஷியஸ் கூட்டத்துக்கு அப்பாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

முடிந்தது. தேரை இழுக்கக் கயிற்றைப் பிடித்தார்கள். மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்தபடி புஷ்பவல்லி கூட்டத்திலிருந்து விலகி எத்திராஜின் அருகே வந்தாள்.

"மாமா, எப்ப ஊதுவ? தேரை இஸ்துகினு போவப் போறாங்க."

எத்திராஜ் டிரம்பெட்டை மார்போடு சாய்த்துக்கொண்டார். "ஆயிடுச்சும்மா."

"இன்னா ஆயிடுச்சு? நாலு பேரா சேந்து ஊதுனீங்க. உன்னுது கேக்கவே இல்லியே?"

அவள் குறை சொல்லவில்லை. பேருந்து எப்போது வரும் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். எத்திராஜ் தமீமைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், திட்டியிருந்தால், தமீமுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். புஷ்பவல்லி கேள்வியை அங்கேயே விட்டுவிட்டுக் கடலுக்கு முகம் கொடுத்து, முன்பு நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்பதைப் போல.

தேர் அசைந்தது. அடுத்த உருப்படிக்காகப் பேண்டு முழுதும் தமீமின் கையைப் பார்த்துக் காத்திருந்தது. ஊர்வலங்களை நடத்திய அந்தக் கை எழவில்லை. அவர் எத்திராஜையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்பெட் எத்திராஜின் மார்போடு சாய்ந்து கிடந்தது, வாயருகே இல்லை. ஆனால் விரல்கள் பொத்தான்களின்மேல் அசைந்துகொண்டிருந்தன. முதல் வரி. இரண்டாம் வரி. தமீமுக்கு அந்த விரல்களைப் படிக்கத் தெரியும். ஓசை எதுவும் இல்லை, பித்தளைப் பொத்தான்களின் மெல்லிய தட்டல் மட்டும். மூன்றாம் வரியில் அவை ஒவ்வொரு படியாக ஏறின. உச்சத்துக்கு வந்ததும் மூன்று விரல்களும் ஒன்றாக எழுந்து, எதையும் தொடாமல், ஈரக்காற்றில் அப்படியே நின்றன.