தீர்த்தம் பட்ட டர்ன்டேபிள்

மாதாவே, ரெண்டுக்கும் ஒரே வயிறு. இதை எதுக்கு என் கண்ணுல காட்டுன?

சிதம்பரம் தெற்கு வீதியில் அன்று காலைதான் திறந்த கடை. அதன் பின்னறைத் தரையில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் ஜெனிட்டா. அவள் முன்னால் இசைத்தட்டு ஓட்டுகிற டர்ன்டேபிள்கள் இரண்டு பிளந்து கிடந்தன. ஒன்று வெள்ளி நிறம், இன்னொன்று கறுப்பு. ஒரு வெள்ளியின் விலைக்குக் கறுப்பு இரண்டு வாங்கலாம்; மிச்சத்தில் ஒரு மிக்சியும் வாங்கலாம்.

கடை அவளுடைய அக்கா வீட்டுக்காரர் லூர்து பிரகாஷுடையது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று இசைத்தட்டு மேல் பக்தி வந்துவிட்டது. பெல்ட் கிடையாது, தட்டுக்கு அடியில் இருக்கிற மோட்டாரே நேராகச் சுற்றுகிறது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கினார். வெள்ளியின் மோட்டார் ஜெர்மனியில் தனித் தொழிற்சாலையில் கையால் செய்யப்படுவதாக விளம்பரத் தாளில் போட்டிருந்தது. அதைச் செய்கிறவர்கள் பன்னிரண்டு பேர் என்பது மாமா தன் பங்குக்குச் சேர்த்தது. அப்போஸ்தலர்களுக்குக் குறைவாக அவரால் யோசிக்க முடியவில்லை.

காலையில் கடையை மந்திரிக்க ஃபாதர் மரிய ஜோசப் வந்தார். ஆசீர்வாதம் எல்லாப் பக்கமும் சமமாக விழட்டும் என்று மாமா வெள்ளியை ஓடவிட்டு வைத்திருந்தார். ஃபாதர் தீர்த்தத்தில் கஞ்சத்தனம் பார்க்கிற ஆளில்லை. வேகம் கூட்டிக் குறைக்கிற பொத்தானின் இடுக்கு வழியாக அது உள்ளே போனது. தட்டு நின்றது.

"கொஞ்சம் ஜாஸ்தியா போயிடுச்சோ?" என்றார் ஃபாதர்.

குருவானவரைத் திட்ட முடியாதே. மாமா அக்காவைத் திட்டினார்.

நாலு மணிக்கு ராமாமிர்தம் சார் வருவதாக இருந்தது. ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியர். மூன்று வாரமாக வெள்ளிக்காகவே காத்திருப்பவர். வேறு வழியில்லாமல், நனைந்துபோன சர்க்யூட் போர்டுக்குப் பதில் கறுப்பின் போர்டைக் கழற்றி வெள்ளிக்குள் வைத்துத்தான் பார்ப்போமே என்று வைத்தாள் ஜெனிட்டா. உட்கார்ந்துவிட்டது. திருகு ஓட்டைகள் அதே இடத்தில் இருந்தன. ஒயர்களின் நிறமும் நீளமும்கூட மாறவில்லை. இரண்டு மோட்டாரிலும் ஒரே தைவான் தொழிற்சாலையின் பெயர், ஒரே தேதி. பன்னிரண்டு பேரில் ஒருவரையும் காணோம். கூப்பிட்டுக் காட்டியதும் மாமா அந்தப் பெயரை ஒரு தடவை படித்துவிட்டு, மூடியைத் திருகச் சொன்னார்.

தட்டு அழகாகச் சுற்றியது.

நாலு மணிக்கு வந்த ராமாமிர்தம் கண்ணை மூடிக்கொண்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். "இதுல ஒரு கனம் இருக்குது பாருங்க. அந்தக் கறுப்புல இது வராது" என்றார். ஜெனிட்டா கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டாள். சிரிப்போடு கூடவே ஒரு பொறாமையும் வந்தது. காதில் சொல்லப்பட்டதை அப்படியே காதால் கேட்க முடிகிறவர் எவ்வளவு நிம்மதியான மனிதர்!

அவர் அதோடு விட்டிருக்கலாம். குடிகாடு பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் என்று மாமா அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

"விக்கிறவர் சொல்றத நான் கணக்குல எடுக்கறதில்லம்மா. உள்ள கை வெச்சிப் பாத்தவ நீ சொல்லு. மோட்டார் ஜெர்மனிதான? நீ சொன்னா இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

மாமா அவள் பக்கம் குனிந்தார். "வாயகூட தொறக்க வேணாம் ஜெனி. தலைய ஆட்டு, போதும். மொத வியாபாரம்."

தலையை ஆட்டுவதில் என்ன இருக்கிறது? எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனியை மூடியதிலிருந்து அவள் சாப்பிடுவது மாமா வீட்டில்தான். படுப்பது அக்கா பிள்ளைகளோடு. மாமா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முதல்முறையாகச் சொல்லக்கூடும். அதுவும் போக, அவள் என்ன பெரிய யோக்கியம்? ஆறு வருஷம் ஒரே மேசையில், ஒரே ஃபேன் மோட்டாருக்கு மூன்று கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியவள். காலையில் ஒரு பெயர், மத்தியானம் ஒரு பெயர். கோணல் இல்லாமல் ஒட்டுகிறாள் என்று மேஸ்திரி மெச்சியிருக்கிறார். ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. ஸ்டிக்கர் தன் பாட்டுக்குப் பொய் சொல்லிக்கொள்ளும் என்று அவளும் தன் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆனால் அங்கே யாரும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. இந்த மனிதர் கேட்கிறார். அவள் வாயிலிருந்து வந்தால்தான் நம்புவேன் என்கிறார். இத்தனை வருஷத்தில் அவள் பேச்சுக்கு ஒருத்தர் விலை வைப்பது இதுதான் முதல் தடவை; அதையும் ஸ்டிக்கராக்கி ஒட்டச் சொல்கிறார் மாமா.

அக்கா டீயோடு வாசலில் நின்றாள். மோட்டார் விஷயம் அவளுக்கும் தெரியும் போலிருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் டீத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றார் ராமாமிர்தம்.

ஜெனிட்டா தலையை ஆட்டவில்லை.

"என்னால முடியாது மாமா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு எழுந்து போய், அக்கா கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு டீயை எடுத்து ராமாமிர்தத்திடம் நீட்டினாள்.