ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர்

வீட்டைப் பரிசோதிக்க வந்த பெண் பையைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு கோலிக்குண்டு. அதை எடுத்துக்கொண்டு நேராக பாத்ரூமுக்குள் போய்த் தரையில் வைத்தாள். குண்டு ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு மெல்ல உருண்டு, தண்ணீர் போகும் ஜாலிக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"வாட்டம் சரியா இருக்குக்கா" என்று நோட்டில் ஒரு டிக் போட்டாள்.

அதுவரை வாசற்படியிலேயே ஒதுங்கி நின்றிருந்த தேவகி, தன்னையறியாமல் உள்ளே வந்துவிட்டாள். "இன்னொரு வாட்டி உருட்டுங்க மேடம், பாக்கறேன்."

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற ரோட்டில், இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் பிளாட் போட்ட இடத்தில், தேவகியும் அவள் புருஷன் பெருமாளும் கட்டிய வீடு அது. பால் காய்ச்ச இன்னும் பதினோரு நாள் இருந்தது. பத்திரிகை பாதிக்குமேல் கொடுத்தாகிவிட்டது. இந்தப் பரிசோதனையெல்லாம் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சௌமியாவின் யோசனை. "குடி போறதுக்கு முன்னாடி ஒரு ஆள வெச்சு செக் பண்ணிடும்மா. அப்புறம் ஒண்ணொண்ணா கண்டுபிடிச்சிக்கினு கெடக்காத" என்று சொல்லி, காட்பாடியிலிருந்து எழிலரசி என்கிற இந்த இன்ஜினியரை அவளே ஏற்பாடு செய்துவிட்டாள்.

தேவகிக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. வீட்டைக் கட்டிய ஆரோக்கியசாமி மேஸ்திரி, ஒன்றரை வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்று, தன் வீடுபோலப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர். அவருக்குத் தெரியாமல் அவர் வேலையில் குற்றம் பார்க்க ஆள் கூப்பிடுவதா என்று இரண்டு நாளாக மனசு ஒப்பவில்லை. இத்தனைக்கும் குற்றம் பார்ப்பதுதான் தேவகியின் வேலையே. ஷூ கம்பெனியில் செக்கிங் செக்ஷன். ஒரு நாளைக்கு எத்தனையோ ஜோடி அவள் கையைத் தாண்டிப் போகும். தையல் விட்டது, பசை வழிந்தது, கீறல் விழுந்தது என்று பார்த்து ஒதுக்கிவைப்பாள். ஆனால் தைத்தவள் யார் என்று அவளுக்குத் தெரியாது, ஒதுக்கியவள் யார் என்று தைத்தவளுக்கும் தெரியாது. இங்கே அப்படியா?

ஆனால் கோலிக்குண்டைப் பார்த்த பிறகு அவளால் சும்மா நிற்க முடியவில்லை. எழிலரசி போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனாள். முனையில் இரும்புக்குண்டு வைத்த ஒரு கம்பியால் எழிலரசி டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக, 'டிங், டிங்' என்று வந்த சத்தம் படுக்கையறை மூலையில் 'டொக்' என்றது.

"இதுக்கு அடியில கலவை புடிக்கலக்கா. உள்ள காத்து இருக்கு. கட்டில் கால் இது மேல வந்தா ஒடஞ்சிடும்."

தேவகி கம்பியை வாங்கித் தானே தட்டிப் பார்த்தாள். பக்கத்து டைல்ஸைத் தட்டிவிட்டு மறுபடி இதைத் தட்டினாள். வித்தியாசம் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அப்படியே தட்டிக்கொண்டு போய், இன்ஜினியருக்கு முன்னால் இன்னொரு 'டொக்'கைக் கண்டுபிடித்தாள்.

கதவின் மேல்விளிம்பை எழிலரசி ஒரு சின்னக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். யார் கண்ணிலும் படாத அந்த இடத்தில் பெயிண்டே இல்லை; வெறும் மரம் அப்படியே தெரிந்தது. "மழைக்கு இதுவழியா தண்ணி குடிச்சு கதவு உப்பிடும்" என்றாள். ஒரு பிளக்கில் எர்த் வரவில்லை என்று அவள் செருகிப் பார்த்த டெஸ்டரின் சிவப்பு விளக்கு சொன்னது. எல்லாம் சின்னச் சின்னக் குறைகள். நோட்டின் முதல் பக்கம்கூட நிறையவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிச் சத்தம். ஆரோக்கியசாமி மேஸ்திரி, கேட்டுக்குப் போட வேண்டிய தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கம்பி, கண்ணாடி, நோட்டு, அவற்றோடு நின்ற அறிமுகமில்லாத பெண் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார்.

தேவகிக்கு முகம் சுருங்கிவிட்டது. "சௌமியாதான் மேஸ்திரி... பெங்களூர்ல எல்லாரும் செய்றாங்கன்னு..."

"பாக்கட்டும்மா. பாக்கறதுல இன்னா இருக்குது" என்றார் அவர். ஆனால் மேற்கொண்டு உள்ளே வரவில்லை. படியில் உட்கார்ந்து தாழ்ப்பாளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கடைசியாக எழிலரசி ஹாலுக்கு வந்து, சமையலறையைப் பிரிக்கிற நடுச்சுவரின் முன்னால் நின்றாள். அதில் ஐந்தாறு இடத்தில் பெயிண்ட் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொரிந்திருந்தது. தேவகியும் பார்த்ததுதான், பெயிண்டர் அவசரமாக அடித்துவிட்டான் என்று நினைத்திருந்தாள். எழிலரசி பையிலிருந்து ஈரம் பார்க்கிற மீட்டரை எடுத்துச் சுவரில் வைத்தாள். அது கீ கீ என்று கத்தியது.

"ஈரம் இருக்கு. உள்ள பைப் எங்கயோ லீக் ஆவுது" என்றாள்.

படியிலிருந்தே குரல் வந்தது. "அந்தச் செவுத்துல பைப்பே இல்லம்மா. சிங்க்கு எதிர்ச் செவுத்துல. பைப் ஓடுன வழி பூரா என் கண்ணு முன்னாடி போட்டது."

"சார், கொஞ்சம் உள்ள வந்து காட்டறீங்களா?" என்று எழிலரசி கேட்டாள். அதில் வம்பு இல்லை. தெரியாததைக் கேட்கிற குரல்தான். மேஸ்திரி எழுந்து வந்து, சுவரில் விரலால் கோடு இழுத்து, பைப் எங்கே ஏறி எங்கே திரும்புகிறது என்று காட்டினார். எழிலரசி அவர் சொன்னதையும் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். தேவகி ரோட்டோரக் கடையிலிருந்து டீ வாங்கி வந்தாள். மூவரும் மறுபடி மாடி ஏறிப் பார்த்தார்கள். தண்ணீர் கோட்டைவிட்டு ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"லீக் இல்ல" என்று எழிலரசி ஒத்துக்கொண்டாள். திரும்பி வந்து மீட்டரைத் தரையோரம் வைத்தாள். அது கத்தவில்லை. முழங்கால் உயரம்வரை சத்தமே இல்லை. அதற்குமேல் திட்டுத்திட்டாகக் கத்தியது. "தண்ணி கீழ இருந்து ஏறுனா கீழதான் ஜாஸ்தி இருக்கணும். மேல இருந்து எறங்குனா மேல ஜாஸ்தி இருக்கணும். இது ரெண்டும் இல்ல. நடுவுல மட்டும் எப்படி?"

மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்து நின்றார்கள். யார் வேலையை யார் சோதிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை.

தேவகி கிட்டே போனாள். பொரிந்திருந்த பெயிண்டை நகத்தால் நெம்பினாள். அது செதிலாக உரிந்து வந்தது. அடியில் வெள்ளையாய், மாவுபோல ஒரு தூள். சுண்ணாம்பு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக மினுக்கியது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். தூள் காய்ந்து பறக்கவில்லை. விரலில் ஈரமாகப் பிசுபிசுத்தது.

அந்தப் பிசுபிசுப்பை அவள் விரல் எங்கேயோ கண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பேரணாம்பட்டில் ஒரு பச்சைத்தோல் மண்டியில் மூன்று வருஷம் உப்பு தட்டுகிற வேலை செய்தாள். உப்பு போட்டு அடுக்கிவைத்த தோலை உதறி உதறித் தட்டுவார்கள். மழைக்காலம் வந்தால் அந்த மண்டியின் சுவரெல்லாம் வேர்த்து ஊற்றும். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வந்திருக்காது. சுவரில் ஏறிய உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

தேவகி விரலை நாக்கில் வைத்தாள்.

"ஐயோ, இன்னாம்மா பண்ற!" என்று மேஸ்திரி பதறினார்.

"உப்பு மேஸ்திரி. நல்ல கரிக்கற உப்பு."

எழிலரசியும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் கோணியது. "ஆமாங்க்கா! உப்பு இருந்தாலும் இந்த மீட்டர் கத்தும். எனக்குத் தோணவே இல்ல. பைப் லீக்குன்னு டைல்ஸ ஒடைக்கச் சொல்லியிருப்பேன்." மறுபடி சுவரைப் பார்த்தாள். "மணல்ல உப்பு இருந்தா வீடு பூரா இப்படி ஆயிருக்கணும். இந்தச் செவுத்துக்கு மட்டும் இன்னா? சார், இத கட்டும்போது ஏதாவது வித்தியாசமா செஞ்சீங்களா?"

மேஸ்திரி கிட்டே வந்தார். சுவரில் மீட்டர் கத்தாத அந்த முழங்கால் உயரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது பிளான்ல இல்லாத செவுரு" என்றார் மெதுவாக. "காங்கிரீட் போட்ட பிறகு, வர்றவங்க கண்ணுக்குக் கிச்சன் தெரியக்கூடாதுன்னு பெருமாள் கேட்டாரு. அப்ப மழை. சூளையெல்லாம் மூடிட்டான். கையில இருந்த புதுக்கல்லு ஆறு வரிக்குத்தான் வந்தது." கையை எடுத்துச் சுவரின் மேல்பக்கம் தடவினார். "பின்னாடி பழைய கல்லு ஒரு லோடு கெடந்துது. படிக்கு அடியில பள்ளம் ரொப்பறதுக்குன்னு பெருமாள் எறக்கி வெச்சது. ஒரு கல்ல எடுத்துத் தட்டுனேன். வெங்கலம் மாதிரி சத்தம். இப்ப அந்த மாதிரி கல்லு எவன் சுடறான்? இதப் போய் மண்ணுல கொட்டி மூடறதான்னு மனசு வரலம்மா. நல்லதுதான் செய்றோம்னு வெச்சேன்."

தேவகி போனை எடுத்தாள். பெருமாள் நாட்றம்பள்ளியில் தன் அக்கா சௌந்தரம் வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு, "இன்னாங்க, அந்தப் பழைய கல்லு எங்க இருந்து வந்துது?" என்று கேட்டாள்.

"அமீர் பாஷா பாய் ஒரு பழைய தோல் மண்டிய இடிச்சாரு இல்ல, அங்க இருந்துதான். ஏன்?"

"அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாரு. இது உப்பு குடிச்ச கல்லு, ரொப்பறதுக்கு மட்டும் வெச்சுக்கோ, செவுத்துக்கு வாணாம்னாரு. அதான் மேஸ்திரிகிட்ட ரொப்பறதுக்குன்னு சொன்னேனே."

"ஏன்னு சொன்னீங்களா?"

"ஏன்னு... சொல்லல" என்றார் பெருமாள். "நான் பாக்கும்போது செவுத்த பூசி முடிச்சிட்டிருந்தாங்க."

"ஏன்னு நானும் கேக்கல" என்றார் மேஸ்திரி, போனைப் பார்த்து.

தேவகிக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. மண்டியை இடித்த பாய் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். புருஷன் பாதி சொல்லியிருக்கிறார். மேஸ்திரி நல்ல கல்லை வீணாக்க மனசில்லாமல் வைத்திருக்கிறார். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த சுவர், மழை வந்ததும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

"இப்ப இன்னா செய்யறது மேடம்?"

"பூச்ச கொத்திட்டு, தண்ணி விட்டு விட்டு உப்ப எடுத்துப் பாக்கலாம். ஆனா கல்லுக்குள்ளயே இருக்கறதால முழுசா போவும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் எழிலரசி. மேலே உத்தரத்தையும் பக்கத்துத் தூண்களையும் ஒருமுறை பார்த்தாள். "இது வெறும் நாலரை இஞ்ச் செவுரு. இது மேல ஒரு பாரமும் இல்ல. எடுத்துட்டுப் புதுசா கட்டறதுதான் நல்லது."

"நாளைக்குக் காலையில ஆள் கொண்டாறேன்" என்றார் மேஸ்திரி. "கூலி என்னோடது. நீ பேசக்கூடாது."

"நாளைக்கு இன்னாத்துக்கு? இப்பவே ஒரு ஓரம் ஒடைங்க மேஸ்திரி. உள்ள எப்படி இருக்குதுன்னு பாக்கணும். இந்தப் பொண்ணும் பாத்துட்டு ரயில் ஏறட்டும்."

மேஸ்திரி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்துவந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரின் மேல்மூலையில் ஓங்கிப் போட்டார். நாலாவது அடியில் ஒரு கல் பெயர்ந்து விழுந்து இரண்டாக உடைந்தது. மூவரும் குனிந்தார்கள். சிவந்த உடைப்பு முழுக்கக் கசகசா தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. அடுத்து விழுந்த கல்லின் ஒரு பக்கத்தில் நீலப் பெயிண்டில் 7 என்று ஒரு எண் இருந்தது. மண்டியில் எந்த அடுக்குக்கு வைத்த அடையாளமோ! எழிலரசி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ஆறு நாளில் பழைய சுவர் போய்ப் புதுச் சுவர் எழுந்துவிட்டது. 'டொக்' என்ற டைல்ஸ்களையும் மேஸ்திரியே பெயர்த்து ஒட்டினார். கதவின் தலைக்கு ஏணி போட்டுப் பெயிண்ட் அடித்தார்கள். ஆனால் புதுச்சுவரைப் பூச மட்டும் நாள் போதவில்லை. அவசரப்பட்டுப் பூசினால் வெடிக்கும், கொஞ்சம் காயட்டும் என்று எழிலரசி போனில் சொல்லிவிட்டாள்.

அதனால் பால் காய்ச்சிய அன்றைக்கு, மாவிலையும் வாழையும் கட்டிய வீட்டின் நட்டநடுவில், செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு சுவர் நின்றது.

"செவுரு பூசாமயா பால் காச்சறீங்க?" என்று சௌந்தரம் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

தேவகி வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "அது ஒரு கதைம்மா, வா, சொல்றேன்" என்று ஆரம்பித்தவர், கோலிக்குண்டிலிருந்து நீல ஏழுவரைக்கும் சொல்லி முடித்தார். தன் தப்பை அவர் ஒளிக்கவில்லை. கல்லைத் தட்டிப் பார்த்து ஏமாந்ததை நடித்தே காட்டினார். அடுத்த பந்தி வந்தபோது மறுபடி முதலிலிருந்து சொன்னார். தேவகி உப்பை நாக்கில் வைத்த இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டுகொண்டே போனது. சௌமியா ஒரு ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பெருமாள் மட்டும் கதை 'பெருமாள் ஏன்னு சொல்லல' என்கிற இடத்துக்கு வரும்போதெல்லாம் ஐஸ்கிரீம் வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போய்விடுவார்.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடிவந்திருந்த முத்துமாரி, கொல்லைப்புறம் குவிந்து கிடந்த கல்லைப் பார்த்துவிட்டு வந்தாள். "அக்கா, இது வேணாம்னா நான் எடுத்துக்கட்டுமா? நல்ல கெட்டியா இருக்குதே."

"எடுத்துக்கோ. ஆனா செவுரு மட்டும் கட்டாத" என்றாள் தேவகி. சொல்லிவிட்டுத் திரும்பப் போனவள் நின்றாள். "ஏன்னு சொல்றேன், வா, உக்காரு."

முத்துமாரி கல்குவியல் மேலேயே உட்கார்ந்து முழுசையும் கேட்டாள். நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு, தெருவிலிருந்து தன் வாசல்வரை சேறு தாங்க முடியவில்லை, அதில் கால் வைத்து நடக்கப் பதித்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கு உப்பு குடித்த கல் ஒன்றும் செய்யாதே என்று மட்டும் உறுதி செய்துகொண்டாள்.

தேவகி உள்ளே போய்க் கல் சுமக்க இரண்டு இரும்புப் பாண்டு எடுத்துவந்தாள். இருட்டுவதற்குள் இருவருமாகப் பாதிக் குவியலை அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள்.